காலி வீட்டுத் தள்ளுபடி

சேசு மரி சூசை

பண்டாரா,
8-5-1978

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி செலஸ்டின் எழுதிக்கொள்வது.

தேவ கிருபையால் நானும் ஞானசுந்தரியும் சுகம். கட்டபெட்டில் நீங்களும் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த ஊர் வெயிலைப் பற்றி எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். குன்னூரில் பிறந்த உடம்பு இதைக் கேள்விப்பட்டதேயில்லை. ஞானசுந்தரி ஜன்னலில் ஈரத்துணி கட்டுகிறாள். கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. மற்றபடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் நல்ல குவார்ட்டர்ஸ். அரவங்காட்டுத் தொழிற்சாலையிலிருந்து என்னைப்போல மாற்றலாகி வந்த வேறு சில குடும்பங்களும் இருப்பதால் தமிழுக்குப் பஞ்சமில்லை.

ஒரு காரியமாக இதை எழுதுகிறேன். குன்னூர் வீட்டைப் பூட்டிச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன் அல்லவா? கிளம்புவதற்கு முன் நகராட்சியில் ஒரு மனுவும் கொடுத்துவிட்டு வந்தேன். சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஒரு வீட்டை வாடகைக்கும் விடாமல், யாரும் குடியில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் பூட்டி வைத்திருந்தால், அந்த அரையாண்டு வீட்டு வரியில் பாதி வரை தள்ளுபடி கிடைக்கும். முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் கொடுத்துவிட்டேன். ஆனால் தள்ளுபடியைப் போட்டார்களா இல்லையா என்று தகவல் இல்லை. நீங்கள் சந்தைக்கு வரும் நாளில் ஒரு நடை அலுவலகம் போய், பில் கலெக்டர் ஆறுக்குட்டி என்பவரைப் பார்த்துக் கேட்டு எழுதுங்கள்.

இன்னொன்று. மழை பிடித்துவிட்டால் வாரம் ஒரு தரமாவது அடுப்பில் தீ மூட்டி வையுங்கள். இல்லாவிட்டால் சுவரெல்லாம் பூஞ்சணம் பூத்து, கதவுகள் ஊதித் திறக்க முடியாமல் போகும். நான் சொல்லவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

மச்சானுக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி,
செலஸ்டின்

*

சேசு மரி சூசை

கட்டபெட்டு,
25-5-1978

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஜெஸிந்தா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. வெயிலில் வேகிறாய் என்பதைச் சால்வை போர்த்திக்கொண்டு படித்தேன். கோபித்துக்கொள்ளாதே. ஞானசுந்தரியை மோர் நிறையக் குடிக்கச் சொல்.

பாதி வரிக்காக இவ்வளவு பெரிய கடிதம் எழுதுகிறவன் நீ ஒருவன்தான் இருப்பாய். சின்ன வயதில் உடைந்த சிலேட்டுக் குச்சியைக்கூட எண்ணி வைப்பாய். போகட்டும், சொன்னபடி போனேன். சீசன் நேரம், அலுவலகத்தில் பாதி நாற்காலி காலி. ஆறுக்குட்டி பழக் கண்காட்சி வேலையாகப் பூங்காவுக்குப் போயிருந்தார். கூட்டமெல்லாம் இறங்கினபிறகு வாருங்கள் என்று குமாஸ்தா சொன்னார். கேட்காமல் விடமாட்டேன், கவலைப்படாதே.

வந்தது வந்தேன் என்று வீட்டைத் திறந்து பார்த்தேன். அரிசிப் பானைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. கழுவித் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் முன்னறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்திருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு வீரம்மா வந்தாள். "ஏனுங்க்கா, ஊடு தொறந்திருக்குதேன்னு வந்தனுங்க" என்று தொடங்கியவள் தன் மருமகள், மாடு, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். எனக்கும் பேச்சு வந்தது. நானா இவ்வளவு பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியம். கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடவேண்டியதாயிற்று.

மச்சான் சுகம். தேயிலைக் கொழுந்து அதிகம் வருகிற காலம், டீமேக்கருக்கு வீடு ஏது, எப்போதும் ஃபேக்டரிதான். உன் வணக்கத்தைச் சொன்னேன். வழக்கம்போல அதிகம் பேசுவதில்லை.

உன் அக்கா,
ஜெஸிந்தா

*

பண்டாரா,
14-6-1978

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு சந்தோஷம். இங்கே ஒரு மழை பெய்து உயிர் வந்திருக்கிறது. ஞானசுந்தரிக்கு மட்டும் முழங்கால் வலி விடவில்லை. உங்கள் உடம்பு எப்படி?

சிலேட்டுக் குச்சியை வைத்துக் கேலி செய்திருக்கிறீர்கள். தொகை சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டம் கொடுத்ததை நாமே வேண்டாமென்று விட்டால், நாளைக்குக் கேட்க வாய் இருக்காது. தொழிற்சாலை ஸ்டோரில் கணக்கு வேலை பார்க்கிறவன் புத்தி இப்படித்தான் போகும். செப்டம்பரோடு இந்த அரையாண்டு முடிந்துவிடும். அதற்குள் தள்ளுபடி ஏறியதா என்று உறுதியாகத் தெரிந்தால் நல்லது. பூங்காவில் பழமெல்லாம் அழுகியிருக்கும், ஆறுக்குட்டி திரும்பியிருப்பார். தயவுசெய்து ஒரு நடை போய்ப் பாருங்கள்.

மச்சானிடம் என்னைச் சொல்லவும்.

உங்கள் தம்பி,
செலஸ்டின்

*

சேசு மரி சூசை

குன்னூர்,
23-7-1978

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நடுவில் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். இப்போது நன்றாக இருக்கிறேன், உண்மையிலேயே நன்றாக இருக்கிறேன். ஞானசுந்தரியின் முழங்காலுக்கு எண்ணெயைக் காய்ச்சித் தேய்க்கவேண்டும், சும்மா தடவினால் போதாது.

இனிமேல் எனக்குக் கட்டபெட்டுக்கு எழுதவேண்டாம். மழையில் எஸ்டேட் தபால் போய்ச்சேருவதே சந்தேகம். குன்னூர் மடத்துத் தையல் பள்ளி என்று விலாசம் போடு. பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கிறேன். சிஸ்டர்கள் கூலி கொடுக்கிறார்கள். இந்த வயதில் முதல் சம்பளம் வாங்கின கதையை நேரில் சொல்கிறேன்.

உன் தள்ளுபடி விஷயம். ஆறுக்குட்டியே தெருவில் எதிரே வந்தார். நம் வீட்டுப் புகைக்கூண்டை நிமிர்ந்து பார்த்தபடி, "ஏனுங்கம்மா, பொகை வர்ற ஊட்டைக் காலி ஊடுன்னு எப்படிங்க எழுதறது?" என்றார். தீ மூட்டாவிட்டால் வீடு கெட்டுப்போகும், தம்பிதான் மூட்டச் சொன்னான் என்றேன். அவரும் இந்த மலைக்காரர்தானே, அது தனக்கும் தெரியும் என்று சிரித்தார். வீட்டில் யாரும் குடியில்லை என்று சாவி வைத்திருப்பவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தள்ளுபடி ஏறிவிடுமாம். அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

வாரம் ஒரு தரம் தீ என்று எழுதியிருந்தாய். இந்த வருஷ மழை உன் கணக்குக்கு அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் அடிக்கடி மூட்டுகிறேன். விடிகாலையில் அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மேகம் நேரே உள்ளே வந்து பாத்திரங்கள்மேல் உட்காருகிறது. கடுங்காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கலாம். சின்ன வயதில் இதையெல்லாம் பார்த்த ஞாபகமே இல்லை.

உன் அக்கா,
ஜெஸிந்தா

*

பண்டாரா,
7-8-1978

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் என்று படித்ததும் ஞானசுந்தரி பதறிவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் கட்டபெட்டிலிருந்து பஸ்ஸில் வந்து தையல் வேலை செய்வது இந்த மழைக்கு ஆகுமா? மச்சான் எப்படிச் சம்மதித்தார்?

கையெழுத்துதான் பாக்கி என்றால் காரியம் முடிந்த மாதிரி. அரை நிமிஷ வேலை, போட்டுவிடுங்கள். அதுவரை தீ மூட்டுவதைக் கொஞ்சம் யோசித்துச் செய்யவேண்டும். ஆறுக்குட்டி அந்தத் தெருவுக்கு வராத நாளாகப் பார்த்து மூட்டினால் என்ன என்று எழுத உட்கார்ந்தேன். ஞானசுந்தரி எட்டிப் பார்த்துவிட்டு, பூசைக்குப் போகிற மனுஷன் எழுதுகிற எழுத்தா இது என்று கேட்டாள். ஆகவே அதை எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் மச்சானைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. சுகம்தானே?

உங்கள் தம்பி,
செலஸ்டின்

*

சேசு மரி சூசை

குன்னூர்,
17-9-1978

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு மாதா திருநாள் அன்று மெழுகுவர்த்தி ஏற்றினேன். தேர் நம் தெரு வழியாகத்தான் போயிற்று. வாசலைக் கழுவிக் கோலம் போட்டு வைத்திருந்தேன்.

அந்தக் கையெழுத்தை இன்னும் போடவில்லை. இந்தத் தடவை முழு வரியையும் கட்டிவிடலாமே, செலஸ்டின். நீ அனுப்பவேண்டாம், என் தையல் கூலியிலிருந்து நானே கட்டிவிடுகிறேன். எனக்குக் கஷ்டமில்லை. அப்பா கட்டின வீட்டுக்கு ஒரு தடவை நான் வரி கட்டினதாக இருக்கட்டும்.

இதற்குமேல் அதைப் பற்றி எழுதாதே. ஊசி போவதைப் பார்க்கிறவனுக்கு உலக்கை போவது தெரியாது என்பார்கள். உன்னைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னேன்.

மச்சானைக் கேட்டிருந்தாய். அவருக்கு என்ன, சுகமாகத்தான் இருப்பார்.

உன் அக்கா,
ஜெஸிந்தா

*

பண்டாரா,
16-10-1978

அக்காவுக்கு,

நாங்கள் சுகம்.

நேற்று நகராட்சியிலிருந்து எனக்கு நேராகத் தபால் வந்தது. தள்ளுபடி மனுவை நிராகரித்துவிட்டார்கள். வீட்டில் ஒரு பெண்மணி ஜூன் மாதத்திலிருந்து குடியிருப்பதாகவும், சமையல் நடப்பதாகவும், கொடியில் துணி காய்வதை நேரில் பார்த்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். வீடு காலி என்று நான் கொடுத்த மனு பொய் மனு ஆகிவிட்டது. சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறவனுக்கு இது எவ்வளவு அவமானம் என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

நெருப்பில்லாமல் புகையாது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரைக் குடி வைத்தீர்கள்? முழு வரியையும் நானே கட்டுகிறேன் என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். அவள் பெயர் என்ன? எந்த ஊர், எந்தக் கோயில்? புருஷன் இருக்கிறானா? யாருடைய சிபாரிசில் வந்தாள்? என்ன வாடகை பேசியிருக்கிறீர்கள், அது எங்கே போகிறது? இதையெல்லாம் உங்களிடம் கேட்க நேர்ந்ததே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் வீடு என்னுடையது. அப்பா என் பேருக்கு எழுதி வைத்தது.

குன்னூருக்கு மாற்றலாகி வரும் ஒரு பேங்க் ஆபீசர் வீடு தேடுகிறார். இனி காலியாக வைப்பதில் அர்த்தமில்லை, ஜனவரி முதல் அவருக்கு விடுவதாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணை அதற்குள் காலி செய்யச் சொல்லுங்கள்.

செலஸ்டின்

*

சேசு மரி சூசை

குன்னூர்,
19-11-1978

அன்புள்ள தம்பிக்கு அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

உங்கள் இருவர் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் எழுத உட்காருவேன், ஏதாவது வேலை இருப்பதுபோல எழுந்துவிடுவேன். கோபமாக எழுதியிருக்கிறாய். உன் இடத்தில் யார் இருந்தாலும் கோபம் வரும்.

ஆமாம், வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். உன்னைக் கேட்காமல் அவளை உள்ளே விட்டது நான்தான்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுகிறேன். வயது ஐம்பதை நெருங்குகிறது. நம் கோயில்தான். பிள்ளைகள் இல்லை. வாடகை தருவதில்லை, நானும் ஒரு காசு வாங்கவில்லை. தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்துக்கொள்கிறாள். வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாள். பின்பக்கத்துத் தகரத்தில் ஓட்டை விழுந்து ஒழுகினதை ஆள் வைத்து அடைத்ததும் அவள்தான். சிபாரிசு என்னுடையதுதான். அவளை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பெயரை மட்டும் எழுதவேண்டாமென்று பார்க்கிறேன்.

புருஷன் இருக்கிறார். எஸ்டேட்டில் நல்ல உத்தியோகம். குடிப்பதில்லை, அடித்ததும் இல்லை. அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல ஊரில் ஆள் கிடையாது. அவளோடு பேசமாட்டார். பிள்ளை இல்லையென்று ஆனபிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு நாள் நின்றேவிட்டது. அவள் பரிமாறிக்கொண்டு பக்கத்தில் நிற்பாள். அவர் சுவரைப் பார்த்து "உப்பு" என்பார். விருந்தாளி வந்தால் சிரித்துப் பேசுவார், "இவ வெச்ச குழம்பு" என்று பெருமைகூடச் சொல்வார். வாசலில் அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது முகம் மாறிவிடும். இப்படி ஒன்றிரண்டு வருஷமில்லை. போன ஜூனில் அவள் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தாள். ஃபேக்டரியிலிருந்து வந்தவர் கட்டிலைக் கடந்து அடுப்படிக்குப் போய், அணைந்திருந்த அடுப்பைப் பார்த்து, "காப்பி இல்லையா?" என்று கேட்டார். காய்ச்சல் விட்ட அன்றைக்குத் துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அடித்திருந்தால் பங்குச் சாமியாரிடம் முறையிடலாம். பேசவில்லை என்று போய்ச் சொன்னால் யார் காதில் ஏறும்? ஒரு தடவை சொல்லியும் பார்த்தாள். அமைதியான புருஷன் கிடைத்தது உன் பாக்கியம் என்று சொல்லி அனுப்பினார்களாம்.

நகராட்சிக்கும் நான்தான் சொன்னேன். அவர்கள்மேல் கோபப்படாதே. ஆறுக்குட்டி மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்து, தாளையும் பேனாவையும் கொடுத்து, "ஊட்ல ஆருமில்லைன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னாப் போதுமுங்க" என்றார். நீ சொன்ன அரை நிமிஷ வேலைதான். என்னால் முடியவில்லை, தம்பி. பொய் எழுதக்கூடாது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு வீட்டில் அத்தனை வருஷம் ஆளே இல்லாத மாதிரி இருந்துவிட்டு வந்தவள். இந்த வீட்டிலும் யாரும் இல்லை என்று என் கையால் எப்படி எழுதிக் கொடுப்பேன்? "ஆள் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பாவம், ஆறுக்குட்டி பயந்துபோய் டீ வாங்கிவர ஆள் அனுப்பினார்.

பேங்க் ஆபீசருக்கு ஜனவரியில் வீட்டைக் கொடுக்கலாம். கிறிஸ்மஸ் முடிந்ததும் அவள் காலி செய்துவிடுவாள். எங்கே போவாள் என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மடத்தில் ஒரு மூலை கேட்டுப் பார்த்தாள். புருஷன் உயிரோடு இருக்கிறவளை அவர் சம்மதமில்லாமல் சேர்க்கமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் வந்த இடத்துக்கே திரும்பிப் போவாள். சாவியை வீரம்மாவிடம் கொடுத்துவைக்கிறேன்.

ஞானசுந்தரிக்கு முழங்கால் தேவலையா? குளிர்காலத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொள்ளச் சொல்.

உன் அக்கா,
ஜெஸிந்தா

*

கட்டபெட்டு,
22-11-1978

மரியாதைக்குரிய மைத்துனர் செலஸ்டின் அவர்களுக்கு அம்புரோஸ் எழுதுவது.

இங்கு யாவரும் க்ஷேமம். தாங்களும் தங்கள் மனைவியும் சர்வேசுரன் அருளால் சுகமாக இருக்கும்படி பிரார்த்திக்கிறேன். பண்டாராவின் சீதோஷ்ணம் இப்போது இதமாக இருக்கும் என்று எண்ணுகிறேன். இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. இந்த வருஷம் எங்கள் எஸ்டேட் தூளுக்கு ஏலத்தில் நல்ல பெயர் என்று சொல்லக் கேட்டால் தாங்களும் சந்தோஷப்படுவீர்கள்.

தங்கள் சகோதரி ஜூன் மாதம் தங்களிடம் போவதாக வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. தம்பி வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். ஆனால் கிறிஸ்மஸ் நெருங்குகிறது. வருஷந்தோறும் மேனேஜரும் ஸ்டாஃபும் நம் வீட்டுக்கு வருவது வழக்கம். அவள் கைப் பலகாரத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. வீடு வெறிச்சென்று இருப்பதைப் பார்த்து நாலு பேர் நாலு விதமாகப் பேச இடம் கொடுக்கக்கூடாது.

ஆகவே டிசம்பர் நடுவில் வந்து சேரும்படி அவளை ரயிலேற்றி அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். மேட்டுப்பாளையத்துக்கு எஸ்டேட் ஜீப்பை அனுப்புகிறேன். அவளிடம் நான் தனியாக எழுதவேண்டியது ஒன்றுமில்லை. தாங்கள் சொன்னால் போதும்.

தங்கள் அன்புள்ள,
அம்புரோஸ்

*

சேசு மரி சூசை

பண்டாரா,
4-12-1978

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி செலஸ்டின் எழுதிக்கொள்வது.

ஞானசுந்தரிக்கு முழங்கால் தேவலை. அதை முதலில் எழுதச் சொன்னாள்.

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் அந்தப் பெண், யாருக்காக அக்கா இவ்வளவு வக்காலத்து வாங்குகிறார் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட புத்திசாலி நான். இரண்டு நாள் கழித்து மச்சானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்களைப் பண்டாராவிலிருந்து ரயிலேற்றி அனுப்பும்படி கேட்டிருந்தார். ஞானசுந்தரி இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள். "உங்களுக்குச் சட்டமெல்லாந் தெரியுதுங்க, அக்காளத் தெரியலையே" என்றாள். அதற்குப்பிறகு அன்று சாயந்திரம்வரை என்னிடம் பேசவில்லை. அந்த ஒரு பகலே எனக்குத் தாங்கவில்லை, அக்கா.

வாடகை எங்கே போகிறது என்று உங்களைக் கேட்டேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மன்னித்துவிடுங்கள்.

வீட்டில் இருக்கும் அந்த அம்மாளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அவர் எங்கும் போகவேண்டியதில்லை. பேங்க் ஆபீசருக்கு வீடு இல்லை என்று எழுதிவிட்டேன். விறகு தீர்ந்தால் காசு பார்க்காமல் வாங்கட்டும், எவ்வளவு புகை வந்தாலும் வரட்டும். பெரிய பெட்டியில் புதுக் கம்பளி இரண்டு இருக்கின்றன, எடுத்துக்கொள்ளட்டும். அவர் தன்னைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்ல விரும்பாவிட்டால் நான் கேட்கவும் மாட்டேன்.

மச்சானுக்குப் பதில் எழுதிவிட்டேன். நீங்கள் இங்கே இல்லை, சுகமாக இருக்கிறீர்கள், இருக்குமிடத்தைச் சொல்ல எனக்கு உங்கள் அனுமதி இல்லை என்று மட்டும் எழுதினேன். அனுமதி கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் இஷ்டம்.

நகராட்சிக்கு எழுதிய கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் நேரே அனுப்ப மனம் வரவில்லை. படித்துப் பாருங்கள். சம்மதமென்றால் நீங்களே கொண்டுபோய் ஆறுக்குட்டியிடம் கொடுங்கள். சம்மதமில்லையென்றால் அடுப்பில் போட்டுவிடுங்கள், நான் வேறு எழுதுகிறேன்.

கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்தால் இருவரும் வருகிறோம். எங்களுக்கு இடம் இருக்குமா என்று அந்த அம்மாளைக் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
செலஸ்டின்

*

பண்டாரா,
4-12-1978

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
குன்னூர்.

பொருள்: மாதா கோயில் மேட்டுத் தெருவிலுள்ள என் வீடு – காலி வீட்டு வரித் தள்ளுபடி மனுவைத் திரும்பப் பெறுவது குறித்து.

ஐயா,

மேற்படி வீடு காலியாக இருப்பதாகச் சொல்லித் தள்ளுபடி கேட்டு நான் கொடுத்த மனு தவறானது. அதைத் தாங்கள் நிராகரித்தது சரியே. எனக்கு அப்போது விவரம் தெரியாது.

அந்த வீட்டில் என் மூத்த சகோதரி திருமதி ஜெஸிந்தா குடியிருக்கிறார். அவர் அங்கே பிறந்து வளர்ந்தவர். வாடகை தருவதில்லை, தரவேண்டியதும் இல்லை. அவர் விரும்பும் காலம்வரை அங்கேயே இருப்பார்.

ஆகவே கடந்த அரையாண்டுக்கும் நடப்பு அரையாண்டுக்கும் இனி வரும் அரையாண்டுகளுக்கும் தள்ளுபடி எதுவும் போடாமல், முழு வரிக்கும் பில் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். வரியை நான் செலுத்திவிடுவேன்.

இனி தங்கள் ஊழியர் எவரேனும் அந்த வீட்டுக்கு விசாரணைக்கு வந்தால், புகையையும் கொடித் துணியையும் பார்த்து முடிவு செய்யவேண்டியதில்லை. கதவைத் தட்டி, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அவர் வந்து பதில் சொல்வார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செலஸ்டின்